மகள் எலியைத் தொடமாட்டாள் என்றால் மருந்துப் படிப்பே வேண்டாமா?

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பிள்ளைக்கு ரசாயனத்தில் ஆர்வம், உயிரியலில் நல்ல மார்க், ஆனால் எலியையும் முயலையும் கொல்கிற படிப்பு வேண்டாம் என்று அடம். அப்பாவோ, "அப்படியானால் பேசாமல் நர்சிங்கில் சேர்" என்கிறார். நர்சிங் நம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களை நிமிர்த்திய படிப்புதான். ஆனால் விருப்பமில்லாத பிள்ளையை அதில் தள்ள எலி ஒரு காரணம் ஆகாது.

கல்லூரியைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். பி.பார்ம் மருந்தியல் செய்முறையில் விலங்குச் சோதனைகளை மென்பொருளிலும் வீடியோவிலும் காட்டுவதாகவே பாடத்திட்டம் இருக்கிறது. பி.எஸ்சி. விலங்கியலிலும் அறுவையை நிறுத்தும்படி யுஜிசி 2014இல் சொல்லிவிட்டது. மகள் கேள்விப்பட்டதெல்லாம் பழைய கதை.

வேலையில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் ரப்பர் ஷீட் அடிக்கிறவர்கள். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கையில் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது மாதிரி ஒரு புதுப் பொருள் கடைக்கு வருமுன், அது தோலை என்ன செய்யும் என்று யாராவது பார்த்தாக வேண்டும். முன்பு முயலின் முதுகை மழித்துத் தடவிப் பார்த்தார்கள். இப்போது மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் அடுக்கடுக்காக வளர்த்து, அதன்மேல் தடவிக் கழுவுகிறார்கள். பிறகு ஒரு மஞ்சள் சாயம் சேர்த்தால் உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக்கும். உயிரோடு இருப்பவை 50 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் அது எரிச்சலூட்டும் பொருள். பல நாடுகள் சேர்ந்து சோதனை முறைகளை வகுக்கும் ஓஇசிடி அமைப்பு இந்த முறையை 2010இல் ஏற்றுக்கொண்டது. உங்கள் மகள் செய்யக்கூடிய வேலை இதுதான்.

ஒரு பொருளை எவ்வளவு கொடுத்தால் பாதி எலிகள் சாகும் என்று பார்க்கும் சோதனை 1927இல் வந்தது. அதன் பழைய வடிவத்தை 2002இல் ஓஇசிடி விலக்கிவிட்டது. அதற்குப் பதில் வந்த முறைகளில் ஒன்றில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 3 எலிகள் போதும். நம் நாட்டில் அழகுசாதனப் பொருள்களுக்கு விலங்குச் சோதனை 2014இலேயே தடையாகிவிட்டது. புது மருந்துகளுக்கான விதிகளிலும் 2023இல் ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலும், செல்களை வைத்த சிறு சிப்களிலும் செய்யும் சோதனைகளுக்கு இடம் கொடுத்தார்கள்.

சரி, எலியே இல்லாத உலகம் வந்துவிட்டதா? இல்லை. ஒரு பொருளை மாதக்கணக்கில் உட்கொண்டால் ஈரலுக்கு என்ன ஆகும், கருவுக்கு என்ன ஆகும் என்பதற்கெல்லாம் முழு மாற்று இன்னும் இல்லை. அதனால் பொருள்களின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் நச்சியல் நிறுவனத்தில் பொதுவாக ஒரு வேலைக்குச் சேர்ந்தால் எலி அறைக்கும் அனுப்பலாம். இதை மகளிடம் மறைக்காதீர்கள்.

எலியை அறவே தொடமாட்டேன் என்பதில் அவள் உறுதி என்றால், பி.பார்மைவிட பி.எஸ்சி. உயிர்வேதியியலோ வேதியியலோ நல்லது என்பேன். பி.பார்ம் முடித்து ஜிபேட் என்ற தகுதித் தேர்வு எழுதி, நைப்பர் என்ற தேசிய மருந்துக் கல்வி நிறுவனத்தில் மருந்தியல்-நச்சியல் மேற்படிப்புக்குப் போனால், அங்கே எலியோடு வேலை செய்ய நேரலாம். வேதியியலோடு புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும் தெரிந்தால், மூலக்கூறின் அமைப்பைப் பார்த்தே நச்சுத்தன்மையைக் கணிக்கும் பக்கம் போகலாம். அதற்கு ஓஇசிடி தரும் க்யூசார் டூல்பாக்ஸ் மென்பொருள் இலவசம். விடுமுறையில் வீட்டிலிருந்தே பழகலாம். எங்கே போனாலும் கணக்கு கூடவே வரும் என்பதை இப்போதே சொல்லிவையுங்கள். உயிரியல் பிள்ளைகள் பலரும் தப்பித்து ஓடுவது அங்கேதான்.

களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். பூஜப்புரையில் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தின் பிரிவு மருத்துவக் கருவிகளுக்கான பொருள்களைச் சோதிக்கிறது. செல் சோதனையும் உண்டு, விலங்குச் சோதனையும் உண்டு. எம்.எஸ்சி. புராஜெக்ட் நேரத்தில் அங்கே இடம் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், கல்லூரி பார்க்கப் போகும்போது விடுதியை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். செல் வளர்ப்பு அறையைக் காட்டச் சொல்லுங்கள். மாணவர்களே கையால் செய்கிறார்களா, ஆசிரியர் செய்வதை வேடிக்கை பார்க்கிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். அறை பூட்டிக் கிடந்து, சாவி யாரிடம் என்றே தெரியவில்லை என்றால் பணம் கட்டாமல் திரும்பி வாருங்கள்.