மாடி உயர்ந்தால் மெட்ரோ நிரம்புமா? – வாசகர் கேள்வி பதில்

மெட்ரோ ஓடும் சாலையோரம் எஃப்.எஸ்.ஐ.யைக் கூட்டினால் பயணிகள் தானாகப் பெருகுவார்கள் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், தண்டையார்பேட்டை

தானாகப் பெருக மாட்டார்கள். எஃப்.எஸ்.ஐ. என்பது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு. அது சதுர அடியை அளக்கிறது, ஆள்கணக்கை அல்ல. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனைக்கு எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் 4,800 சதுர அடி கட்டலாம். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் அடுக்குமாடி உயரக் கட்டடத்துக்கு 3.25 வரை உண்டு. பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கினால் மேலும் 50 சதவீதம், ஆக 4.87. ஆனால் இந்த முழு அளவு கிடைக்க மனைக்கு முன்னால் 18 மீட்டர் சாலை வேண்டும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் பல தெருக்கள் பத்து, பதினைந்து அடிதான். மனைகளும் அரை கிரவுண்டு, கால் கிரவுண்டு. அங்கே விதி உயர்ந்தாலும் வீடு உயராது. பக்கத்து மனைகளையும் வளைத்துப் போட முடிந்தவருக்கே லாபம்.

அப்படிக் கட்டும்போதும் ஒரு வில்லங்கம் உண்டு. எட்டுக் குடும்பம் வாடகைக்கிருந்த ஒண்டுக்குடித்தனத்தை இடித்துவிட்டு, கார் நிறுத்தத்தோடு நாலு பெரிய ஃபிளாட் எழுப்பினால் சதுர அடி கூடும். ரயிலேறும் ஆள் குறையும். கூடுதல் எஃப்.எஸ்.ஐ. கொடுப்பதென்றால் சின்ன வீடுகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் கொடுக்க வேண்டும். கார் நிறுத்தக் கட்டாயத்தையும் கூடவே குறைக்க வேண்டும்.

யூயிங், செர்வெரோ என்ற நகரத் திட்ட ஆய்வாளர்கள் இருவரும் 2010-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மக்கள் அடர்த்தி 10 சதவீதம் கூடினால் பொதுப் போக்குவரத்துப் பயன்பாடு சுமார் 0.7 சதவீதம்தான் கூடுகிறது. நிறுத்தம் 10 சதவீதம் கிட்டே வந்தால் 2.9; தெருச் சந்திப்புகள் 10 சதவீதம் நெருங்கினால் 2.3. பெரும்பாலும் அமெரிக்கக் கணக்குகள், நம்மூருக்கு அப்படியே ஒட்டாது. ஆனாலும் எது முதலில் என்பது விளங்குகிறது.

திருவொற்றியூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்தைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட்டால் சுமார் 78 ஹெக்டேர் வரும். கிழக்கே கடல், மேற்கே கும்மிடிப்பூண்டி ரயில் பாதை. பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நேர்கோட்டில் நிலையம் பக்கம்தான். ஆனால் கேட்டையோ பாலத்தையோ தேடிச் சுற்றி வந்தால் தூரம் இரட்டிப்பாகிவிடும். இங்கே இன்னொரு மாடியைவிடத் தண்டவாளத்தைத் தாண்ட ஒரு நடைமேம்பாலம் அதிகப் பயணிகளைக் கொண்டுவரும் என்பதே எங்கள் வாதம்.

மெட்ரோ வந்த பிறகு கூட்டம் கூடியதா என்பதை எப்படிக் கணக்கிடுவது?
– வாசகர், விம்கோ நகர்

வண்ணாரப்பேட்டை–விம்கோ நகர் தடம் 2021 பிப்ரவரி 14-ல் திறந்தது. அடுத்த சில வாரங்களில் கொரோனா இரண்டாம் அலை, மே மாதம் ஊரடங்கு. அந்த ஆண்டை அடிப்படையாக வைத்தால் பிறகு எந்த ஆண்டும் பிரமாத வளர்ச்சியாகத்தான் தெரியும்.

வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே மாதத்து வேலை நாட்களை, நிலையம் வாரியாக ஒப்பிடுங்கள். எஃப்.எஸ்.ஐ. போன்ற நில உபயோக விதி மாறிய நிலையத்தோடு, மாறாத ஒரு நிலையத்தையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு கூடியிருந்தால் அது விதியின் வேலை அல்ல. புறநகர் ரயிலையும் மாநகரப் பேருந்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்: பஸ்ஸிலிருந்து மெட்ரோவுக்கு மாறியவர் புதுப் பயணி இல்லை. அனுமதி, இடிப்பு, கட்டுமானம், குடியேற்றம் எல்லாம் முடிய நாலைந்து ஆண்டாவது ஆகும். இரண்டாம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ் இலவசமாக இருக்கும்போது மெட்ரோவில் யார் ஏறுவார்கள்?
– வாசகி, மூலக்கடை

கிட்டத்துப் பயணத்துக்குப் பலர் ஏற மாட்டார்கள். ஏற வேண்டிய அவசியமும் இல்லை. மெட்ரோவில் 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் 50. காசு கொடுத்து நேரம் மிச்சமாவது தூரப் பயணத்தில்தான். மாதவரத்திலிருந்து வரும் புதிய தடம் மூலக்கடையில் ஓடத் தொடங்கும்போது, அதே சாலையில் இணையாகப் போகும் பஸ்களில் சிலவற்றைக் கொடுங்கையூர், மணலிப் பக்கம் குறுக்கே திருப்பி நிலைய வாசலில் நிறுத்தினால் இரண்டும் பிழைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டும். அரை மணிக்கு ஒன்று என்றால் ஷேர் ஆட்டோ ஆளை அள்ளிக்கொண்டு போய்விடும்.