டேப் லைப்ரரி வாங்குமுன் விற்பவரிடம் என்ன கேட்பது?

கேள்வி: பேக்கப்புக்காக ஒரு எல்டிஓ-9 (காந்த நாடாவில் தரவு சேமிக்கும் முறையின் ஒன்பதாம் தலைமுறை) டிரைவும், நாடா கார்ட்ரிட்ஜ்கள் வைக்க 24 ஸ்லாட்டும் உள்ள டேப் லைப்ரரி, அதாவது நாடாக்களைத் தானே மாற்றிக்கொள்ளும் இயந்திரம், வாங்கப் போகிறோம். 24 கார்ட்ரிட்ஜையும் சேர்த்தே வாங்கச் சொல்கிறார் விற்பவர். எங்களிடம் பழைய எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜ்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் போட்டு ஓட்டக் கூடாதா?

பதில்: ஓட்ட முடியாது. எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-9, எல்டிஓ-8 இரண்டை மட்டும்தான் ஏற்கும். எல்டிஓ-7 வரையிலான டிரைவ்கள் இரண்டு தலைமுறை பின்னால் உள்ளதையும் படித்தன. எல்டிஓ-8 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. எனவே பழைய கார்ட்ரிட்ஜில் இருப்பது தேவைப்படும் காலம் வரை பழைய டிரைவைத் தள்ளிவிடாதீர்கள். விற்பவர் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

24 கார்ட்ரிட்ஜும் வேண்டுமா என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 45 டெராபைட், தரவு இரண்டரை மடங்கு சுருங்கினால்தான் கிடைக்கும். உண்மைக் கொள்ளளவு 18 டெராபைட். வீடியோ, ஏற்கெனவே சுருக்கிய கோப்புகள், மென்பொருளே மறையாக்கம் செய்து அனுப்பும் தரவு எல்லாம் மேலும் சுருங்காது. 18 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்லாட் சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜுக்குப் போய்விடும். வெளியிலிருந்து ஒன்றிரண்டை மட்டும் போட்டு எடுக்கும் மெயில் ஸ்லாட் தனியாக இருக்கிறதா, மேகசினில் (கார்ட்ரிட்ஜ்களை அடுக்கி வைக்கும், வெளியே இழுக்கும் தட்டு) உள்ள ஸ்லாட்களில் ஒன்றை அதற்கு ஒதுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். ஒதுக்க வேண்டியிருந்தாலும் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஒரே ஒரு டேப்பை மாற்றவும் மேகசினையே வெளியே இழுக்க வேண்டியிருக்கும்.

பலர் கோட்டைவிடுவது பார்கோடு லேபிளில். கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் லேபிள் இல்லாமலே வரும். லேபிள் ஒட்டியே தரச் சொல்லி ஆர்டரில் எழுதி வாங்குங்கள். ஆறு எழுத்தோ எண்ணோ கொண்ட அடையாளம், அதன் பின் தலைமுறையைக் காட்டும் ‘எல்9’ என்பதுதான் வழக்கம். ஒரே எண் இரண்டு கார்ட்ரிட்ஜில் வரக் கூடாது. மிச்சம் பிடிக்கிறேன் என்று அலுவலகப் பிரின்டரில் சாதா ஸ்டிக்கர் அடித்து ஒட்டாதீர்கள். டிரைவுக்குள் ஓரம் உரிந்தால், மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு பழுது பார்க்கப் போய்விடும்.

இன்னொன்று: புது எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜை முதல்முறை டிரைவில் ஏற்றும்போது, டிரைவ் அதைத் தனக்கேற்ப அளவெடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். இரண்டு மணி நேரம் வரையும் போகலாம். ஒரு கார்ட்ரிட்ஜுக்கு ஒருமுறைதான். இது தெரியாமல் டிரைவ் செத்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. நடுவில் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம். முதல் பேக்கப்புக்கு முந்தைய நாளே எல்லாவற்றையும் ஒரு சுற்று ஏற்றி இறக்கிவிட்டால் நிம்மதி.

கேள்வி: மேகசினை இழுத்து நான்கு கார்ட்ரிட்ஜ் மாற்றினோம். அதிலிருந்து பேக்கப் மென்பொருள் இல்லாத டேப்பைக் கேட்கிறது. வாரண்டியில் மாற்றித் தருவார்களா?

பதில்: இயந்திரத்தில் பழுதே இல்லை, அப்புறம் எதை மாற்றுவது? மேகசினைத் திரும்பப் போட்டதும், லைப்ரரிக்குள் கார்ட்ரிட்ஜை எடுத்து மாற்றும் ரோபோ பார்கோடுகளைப் படித்துத் தன் பட்டியலைத் திருத்திக்கொள்ளும். மென்பொருள் வைத்திருப்பது வேறு பட்டியல். அதில் ‘இன்வென்டரி’ கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள், சரியாகிவிடும். இனி மெயில் ஸ்லாட் வழியாக மாற்றினாலும், மென்பொருளிலிருந்தே ஏற்றுமதி, இறக்குமதி கொடுத்து மாற்றுங்கள்.

கேள்வி: கீழே விழுந்த கார்ட்ரிட்ஜை மறுபடி லைப்ரரியில் போடலாமா?

பதில்: வெற்று கார்ட்ரிட்ஜ் என்றால் ஒதுக்கிவிடுங்கள். தரவு இருந்தால் முதலில் கார்ட்ரிட்ஜின் சிறு கதவைத் திறந்து, நாடாவின் நுனியிலுள்ள சிறு ஊசி தன் இடத்தில் நேராக நிற்கிறதா பாருங்கள். நின்றால் ஒருமுறை ஏற்றி வேறு கார்ட்ரிட்ஜுக்கு நகலெடுத்துவிட்டு, அதை ஓய்வு கொடுத்து அனுப்புங்கள். ஊசி நகர்ந்திருந்தால் டிரைவ் பக்கமே கொண்டுபோக வேண்டாம். தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.