வாசகர் கேள்வி பதில்: ரோமானிய வீட்டில் அப்பா

கேள்வி: என் மகன் முதலாம் படிவத்தில் ரோமானிய நாகரிகம் படிக்கிறான். அங்கே அப்பா தான் பெற்ற பிள்ளையைக் கொல்லலாம், விற்கலாம் என்று யாரோ சொன்னார்களாம். இரண்டு நாளாக அதையே கேட்கிறான். உண்மையா ஐயா?
- ஒரு தாயார், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: சட்டத்தில் இருந்தது, அம்மா. கி.மு. 450 வாக்கில் வந்த, ரோமின் முதல் எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே பிள்ளையை விற்பது பற்றி விதி உண்டு. வீட்டில் உயிரோடிருக்கும் மூத்த ஆணின் இந்த அதிகாரத்துக்குப் 'பாத்ரியா பொத்தெஸ்தாஸ்' என்று பெயர். மகனுக்கு 40 வயதானாலும், அவனுக்கே பிள்ளைகள் பிறந்தாலும் அது தீராது. பொதுவாக அப்பா கண்மூடினால்தான் தீரும். ஆண்கள் பெரும்பாலும் 25 வயதுக்கு மேல்தான் கல்யாணம் செய்தார்கள், ஆயுளும் குறைவு. அதனால் 25 வயதை எட்டும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் அப்பாவே இருக்கமாட்டார் என்பது ஆய்வாளர்கள் கணக்கு.

வளர்ந்த பிள்ளையைத் தண்டிக்குமுன் உறவினரையும் நண்பர்களையும் கூட்டிக் கேட்பது வழக்கம். ஹாட்ரியன் பேரரசர் காலத்தில், மாற்றாந்தாயோடு தவறாக நடந்த மகனை வேட்டைக்குப் போன இடத்தில் கொன்ற ஓர் அப்பா நாடு கடத்தப்பட்டார். அப்பாவின் அதிகாரம் பாசத்தில் இருக்க வேண்டும், கொடூரத்தில் அல்ல என்பது அந்தத் தீர்ப்புக்குச் சொல்லப்பட்ட காரணம். உண்மையான கொடுமை பிறந்த குழந்தையிடம்தான் நடந்தது: வேண்டாத சிசுவை வெளியே போட்டுவிடும் வழக்கம் பல நூற்றாண்டு நீடித்தது. இதை மகனிடம் மறைக்கத் தேவையில்லை. ஆனால், தரையில் கிடத்திய குழந்தையை அப்பா தூக்கினால்தான் அது வீட்டுப்பிள்ளை என்று பல புத்தகங்களில் வருகிறதே, அந்தச் சடங்குக்குச் சான்று மிகவும் பலவீனம். தேர்வில் எழுத வேண்டாம்.

கூடவே ரோமானிய அரசியல்வாதி மூத்த கேட்டோவையும் சொல்லிக்கொடுங்கள். மனைவி குழந்தையைக் குளிப்பாட்டித் துணி சுற்றும் நேரத்தில், அரசு வேலை தவிர வேறு எதற்காகவும் அவர் பக்கத்தை விட்டு நகரமாட்டாராம், வாழ்க்கை வரலாறுகள் எழுதிய கிரேக்கர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். வீட்டில் படித்த அடிமை இருந்தும், மகனுக்கு எழுத்து, சட்டம், ஈட்டி, குதிரை, நீச்சல் எல்லாம் தானே கற்றுக்கொடுத்தார். மகன் படிப்பதற்காக ரோம வரலாற்றைத் தன் கையால் பெரிய பெரிய எழுத்தில் எழுதிவைத்தார். ரோமானிய அப்பா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பெரிய எழுத்துகள்தான்.

கேள்வி: அப்படியானால் மகன் சம்பாதித்த காசு யாருக்கு? தனியாகப் பிரிந்து போக வழியே இல்லையா?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: காசு அப்பாவுக்கு. கைச்செலவுக்கும் வியாபாரத்துக்கும் 'பெக்கூலியும்' என்று ஒரு தொகையை ஒதுக்கித் தருவார். கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்திலிருந்து படைவீரன் சேவையில் ஈட்டியது மட்டும் அவனுக்கே சொந்தமானது.

பிரிய வழி இருந்தது. 'மூன்று முறை விற்றால் மகன் விடுதலை' என்ற பழைய விதியையே வழக்கறிஞர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். வயதுவந்த ரோமக் குடிமக்கள் ஐவர் சாட்சி, தராசு பிடிக்க ஒருவர், ஒரு வெண்கலத் துண்டு. நம்பகமான நண்பர் ஒருவர் மகனைப் பிடித்து 'இவன் என்னுடையவன்' என்று சொல்லி, வெண்கலத்தால் தராசைத் தட்டி அதை அப்பாவிடம் கொடுப்பார். பிறகு அவனை விடுவிப்பார்; மகன் மறுபடி அப்பா கைக்கே வந்துவிடுவான். இரண்டாம் முறையும் இதேதான். மூன்றாம் விற்பனையில் அப்பாவின் அதிகாரம் அறுந்துவிடும். மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரே விற்பனை போதும்.

கவனம் வேண்டியது இந்தக் கடைசிப் படியில்தான். மூன்றாம் முறையும் நண்பரே விடுவித்தால், வாரிசுரிமை போன்ற சில உரிமைகள் அவருக்குப் போய்விடும். அதனால் நண்பர் மகனை அப்பாவுக்கே திருப்பி விற்பார். அப்பா தன் கையால் விடுவிப்பார். பழைய சட்டப்படி, பிரிந்த மகனுக்கு உயில் இல்லாத அப்பாவின் சொத்தில் பங்கில்லை. பிற்காலத்தில் நீதி அதிகாரிகள் பங்கு கொடுத்தார்கள், ஆனால் அவன் தனியாகச் சேர்த்ததையும் கணக்கில் கொண்டுவந்து சகோதரர்களுக்குப் பங்கு தர வேண்டும்.

கேள்வி: நம் மலேசிய அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போட்டு அப்பா பெயர் வருவதுபோல் அவர்களுக்கும் உண்டா?
- மாணவி, ஜார்ஜ்டவுன்

பதில்: உண்டு. கல்வெட்டில் ரோமானியப் பேச்சாளர் சிசெரோவின் பெயர்முறை இப்படி வரும்: மார்க்குஸ் துல்லியுஸ், மார்க்குஸின் மகன், மார்க்குஸின் பேரன், பிறகு சிசெரோ. 'மகன்' என்பதை ஒரே எழுத்தாகச் சுருக்கிவிடுவார்கள். பெண்ணுக்குக் குலப்பெயரே பெயர்: துல்லியுஸ் மகள் துல்லியா. இரண்டு பெண்கள் என்றால் பெரியவள், சின்னவள்; அடுத்தவள் மூன்றாமவள். கல்யாணத்துக்குப் பிறகும் உங்கள் ஏ/பி மாறாததுபோல அவளுக்கும் அப்பா குலப்பெயர் மாறாது. பிற்காலத்தில் பெரும்பாலான மணமகள்கள் கணவன் வீட்டுக்குப் போன பிறகும் சட்டப்படி அப்பாவின் அதிகாரத்திலேயே இருந்தார்கள்.

கேள்வி: இறந்த அப்பாவுக்கு நாம் திதி கொடுக்கிறோம். அவர்கள்?
- வாசகர், செந்தூல்

பதில்: பிப்ரவரி 13 முதல் 21 வரை 'பாரெந்தாலியா'. கோயில்கள் மூடியிருக்கும், கல்யாணம் கிடையாது. படையல் எளிமையானது: ஒரு கூரை ஓட்டின் மேல் மாலை, கொஞ்சம் தானியம், ஒரு சிட்டிகை உப்பு, திராட்சை மதுவில் ஊறிய ரொட்டி, உதிரி ஊதாப்பூ. பாதை நடுவில் அந்த ஓட்டை வைத்துவிட்டு வந்தாலும் போதும் என்கிறார் கவிஞர் ஓவிட். 22ஆம் தேதி உயிரோடிருக்கும் சொந்தபந்தம் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.