மேல்வீட்டு உரலும் கீழ்வீட்டுப் பெலாச்சானும்

அடுக்குமாடி வீட்டில் சத்தமும் வாடையும் எந்த வழியாக வருகின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் கேட்டவரின் ஊர் இருக்கிறது. கட்டுமானத் தளத்தில் பல வருடம் மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

செந்தூல்: அண்ணே, விடியற்காலையில் மேல்வீட்டில் உரல் இடிக்கிறார்கள். போய்க் கேட்டால் "நாங்கள் இல்லை" என்கிறார்கள். பொய்தானே?

பொய்யாக இருக்க வேண்டியதில்லை அக்கா. பேச்சு காற்றில் வரும், இடி கான்கிரீட்டில் வரும். தளம், பீம், தூண் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை. இரண்டு மாடி தள்ளி, பக்கத்து வரிசையில் இடித்தாலும் உங்கள் தலைக்கு மேல் இடிப்பதுபோல்தான் கேட்கும். நாங்களும் மேல்வீட்டுக்காரரிடம் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் பார்த்தால், சத்தம் எங்களுக்குக் கீழே இருந்த வீட்டில். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் சீலிங் போட்டுப் பெரிய பலன் இராது. இடி தளத்தில் இறங்கும் முன்பே தடுக்க வேண்டும். இடிப்பவர் உரலுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டு, அறை நடுவில் இடிக்காமல் தூண் ஓரமாக வைத்து இடித்தால் அதிர்வு நன்றாகக் குறையும். ஒரு பாய் வாங்கிக் கொடுத்தே பேச்சை ஆரம்பியுங்கள்.

ஆயர் ஈத்தாம்: பக்கத்து வீட்டு டிவி வசனம் முழுக்கக் கேட்கிறது. சுவரில் ஸ்பாஞ்சு ஒட்டலாமா?

வேண்டாம் தம்பி, காசு வீண். அது உங்கள் அறையின் எதிரொலியைத்தான் குறைக்கும். சுவர் தாண்டும் சத்தத்தை நிறுத்துவது எடை. அதிலும் எடையை இரட்டிப்பாக்கினால் குறைவது 5, 6 டெசிபெல்தான். அதனால் முதலில் ஓட்டையைத் தேடுங்கள். இரண்டு வீட்டு பிளக் பெட்டிகளும் முதுகோடு முதுகாக இருக்கிறதா? சீலிங்குக்கு மேலே சுவர் தளத்தைத் தொடுகிறதா? விரல் நுழையும் இடைவெளியைப் பூசாமலே விட்ட சுவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூச்சு வேலைக்கு ஒரு நாள் போதும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: கீழ்வீட்டில் பெலாச்சான் (இறால் விழுது) வறுத்தால் எங்கள் வீடெல்லாம் வாடை. ஜன்னலைச் சாத்தியும் வருகிறதே?

சாத்துவதால்தான் வருகிறது அம்மா! உங்கள் சமையலறை விசிறி காற்றை வெளியே தள்ளும்போது, ஈடுகட்டக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். வாசல் கதவின் அடி இடுக்கு வழியாக நடைபாதைக் காற்றை வாடையோடு இழுக்கும். விசிறி ஓடும்போது பால்கனிக் கதவைத் திறந்து வையுங்கள். காற்றுக் கூண்டு, அதாவது கட்டடத்தின் நடுவே காற்றோட்டத்துக்காக விட்ட திறந்த இடம், அதன் பக்க ஜன்னலை மட்டும் சாத்துங்கள், சூடான வாடை அதில்தான் மேலேறும். அப்புறம், வெள்ளிக்கிழமை நீங்கள் போடும் சாம்பிராணியும் அதே கூண்டில்தான் மேல்வீட்டுக்குப் போகும்.

ஜெலுத்தோங்: மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தால் குளியலறையில் சாக்கடை நாற்றம்.

தரைத் துவாரத்துக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்துக்கு மூடி. அது வற்றிவிட்டது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அடுத்த முறை கிளம்பும்போது மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

கெப்போங்: பேசியும் கேட்கவில்லை என்றால்?

அடுக்குமாடி வீடுகளுக்கென்று மலேசியாவில் 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் இருக்கிறது, தீர்ப்பாயமும் இருக்கிறது. முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த அறையில் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். சத்தம் எந்த வீடு என்பதும் அந்தக் குறிப்பில்தான் பிடிபடும்.