கொண்டோ பூல்ல தனியா மூச்சு அடக்க வேணாம் தம்பி

அண்ணா வணக்கம். நான் பட்டர்வொர்த். என் தம்பி எஸ்பிஎம் பரீட்சை முடிச்சிட்டு நேவில சேரணும், மலேசிய நேவியோட சிறப்புப் படையான பாஸ்கல்ல டைவர் ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். ராத்திரி ஆளுங்க போனப்புறம் அடுக்குமாடி கொண்டோ பூல்ல தனியா இறங்கி மூச்சடக்கிப் பழகுறான். இறங்குறதுக்கு முன்னாடி வேகவேகமா மூச்சு இழுத்து விட்டா ரொம்ப நேரம் தாங்குதாம். அப்பா, நம்ம பிள்ளைங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராதுங்கிறார். இந்த ட்ரெய்னிங்குக்கு உடம்பு முக்கியமா, மனசா?
ஒரு அக்கா

தங்கச்சி,

உன் கேள்விக்கு அப்புறம் வர்றேன். மொதல்ல அந்த பூல். இன்னிக்கே நிறுத்தச் சொல்லும்மா, கெஞ்சிக் கேக்குறேன்.

மூச்சு முட்டுதுன்னு நமக்குத் தெரியறது பெரும்பாலும் உள்ள கார்பன் டை ஆக்சைடு ஏறுறதாலதான், ஆக்சிஜன் குறையறது அவ்வளவா தெரியாது. தம்பி வேகவேகமா மூச்சு விடுறப்போ ஆக்சிஜன் ஒண்ணும் பெருசா கூடல, அந்த கார்பன் டை ஆக்சைடுதான் வெளிய போயிடுது, அதனால முட்டல் லேட்டா வருது, அவன் தேறிட்டோம்னு நினைக்கிறான், ஆனா முட்டல் வர்றதுக்குள்ளயே ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் வந்துடலாம், மயங்குனவன் தண்ணிக்குள்ளயே மூச்சு இழுப்பான். நல்லா நீந்தறவங்களுக்கும் நடக்குது. கை கால் அடிச்சு சத்தம் போடுறதெல்லாம் இருக்காது, பக்கத்துல பாத்துட்டே ஒருத்தர் நின்னா மட்டும்தான் தூக்க முடியும்.

மிலிட்டரில இதையேதானே செய்றாங்கன்னு கேப்பான். ஆமா செய்றாங்க. அமெரிக்காவுல கொரொனாடோல, நேவி சிறப்புப் படையான சீல் ட்ரெய்னிங்ல 50 மீட்டர் தண்ணிக்கடியில நீந்தணும், கையும் காலும் கட்டிட்டு மிதக்கணும். ஆனா இன்ஸ்ட்ரக்டர் தண்ணிக்குள்ளயே கூட இருப்பாங்க, மெடிக் கரையில ரெடியா இருப்பாங்க. அப்படி இருந்தும் ஆபத்துதான். 2022 பிப்ரவரில அங்க ட்ரெய்னிங்லயே ரொம்பக் கஷ்டமான ஹெல் வீக் முடிச்ச சில மணி நேரத்துல ஒரு பையன் நிமோனியால செத்துட்டான். நம்ம பக்கத்துல தாய்லாந்து குகையில 2018ல சிக்குன பசங்களுக்கு ஏர் டேங்க் வச்சிட்டுத் திரும்புறப்போ சமன் குணன் இறந்தாரே, அவர் முன்னாள் தாய்லாந்து நேவி சீல். அவ்வளவு ட்ரெய்னிங் எடுத்தவரு.

இப்ப உடம்பா மனசா. ஹெல் வீக்ல அஞ்சரை நாளைக்கு மொத்தமே நாலு மணி நேரம்கூட தூக்கம் கிடையாது, குளிர்ந்த கடல்ல படுக்கணும், தலைமேல போட் தூக்கி ஓடணும். தண்ணி காத்தைவிட 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்ட இழுத்துடும், அதனால மஸில் இருந்தாலும் நடுங்குவாங்க. உடம்பு இல்லாம இதை ஆரம்பிக்கவே முடியாது.

எனக்கு இதைவிடப் பெருசாப் படறது அவங்க ஏர் டேங்க் மாட்டி முங்குற ஸ்கூபா டெஸ்ட். தண்ணிக்கடியில இன்ஸ்ட்ரக்டர் வந்து மாஸ்க்க உருவுவார், காத்து வால்வ மூடுவார், ஹோஸ்ல முடிச்சுப் போடுவார். பையன் சொல்லிக்குடுத்த வரிசைப்படி ஒண்ணொண்ணா சரி பண்ணணும், பயந்து சர்ருன்னு மேல வந்தா ஃபெயில். அங்க யாரு ரொம்ப நேரம் மூச்சடக்குறான்னு பாக்கல, நெஞ்சு முட்டுறப்போ கை எந்த வால்வத் தேடுதுன்னு பாக்குறாங்க. அதனாலதான் மனசுக்குன்னே தனியா சொல்லித் தர்றாங்க, அடுத்த வேளை சாப்பாடு வரைக்கும் தாங்குனா போதும்னு சின்னச் சின்ன இலக்கு வைக்கிறது, செய்யப் போறத மனசுக்குள்ள ஓட்டிப் பாக்குறது, தனக்குத்தானே பேசிக்கிறது, மூச்ச மெதுவாக்கிப் படபடப்பக் குறைக்கிறது. மனசுன்னு நீ கேட்டது இதைத்தான், இதெல்லாம் பழகிக்கிற விஷயம்மா, பொறக்கும்போதே வரணும்னு இல்ல.

அப்பாகிட்ட சொல்லு, பாஸ்கல் தளம் இருக்கிற லூமுட்டுக்கு வர்ற பசங்களும் யாரோ வீட்டுப் பிள்ளைங்கதான். 2011ல ஏடன் வளைகுடா பக்கம் கடல் கொள்ளைக்காரங்க பிடிச்ச புங்கா லாரல் கப்பல்ல இருந்து 23 பேர உயிரோட மீட்டது பாஸ்கல்தான். அதுல சேரணும்னு ஒரு தமிழ்ப் பையன் ஆசைப்படறது எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு, அவர் பயமும் நியாயம்தான், ஆனா ஒத்து வராதுன்னு மட்டும் அவன்கிட்ட சொல்ல வேணாம்.

தம்பி இப்போதைக்கு லைஃப்கார்ட் இருக்கிற பூல்ல, பகல்ல, ஒரு கோச்சோட நீச்சலச் சரி பண்ணட்டும். கால்ல ஃபின் மாட்டி நீந்தட்டும், ஓடட்டும், நல்லாத் தூங்கட்டும். காதும் சைனஸும் டாக்டர்கிட்ட காட்டணும், சளி பிடிச்சிருந்தா முங்கவே வேணாம். மூச்சடக்குறத செலக்‌ஷன்ல இன்ஸ்ட்ரக்டர் முன்னாடி கத்துக்கட்டும். இதப் படிச்சிட்டு அவனுக்கு என்மேல கோவம் வந்தா அவனையே எழுதச் சொல்லு, பதில் போடறேன்.