அரிசி மாவு பான்கேக் ஏன் உடைகிறது?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) இருப்பதாகச் சொல்லி, கோதுமையை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார் மருத்துவர். இப்போதைக்குப் பாலும் ஒத்துக்கொள்வதில்லை, முட்டை சாப்பிடுவாள். பான்கேக் வேண்டுமென்று ஆசையாகக் கேட்கிறாள். அரிசி மாவில் செய்து பார்த்தேன். திருப்பும்போதே உடைகிறது, வாயில் நறநறவென்று இருக்கிறது. என்ன செய்யலாம்? - வாசகி, கோவை

பதில்: தாராளமாகச் செய்து கொடுங்கள். உடைவதற்கு ஒரு காரணம், நறநறப்புக்கு வேறு காரணம்.

மைதாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள குளூட்டன் வலையாகப் பின்னிக்கொண்டு, பேக்கிங் பவுடரிலிருந்து வரும் காற்றைப் பிடித்து வைக்கும். அரிசியில் அது கிடையாது. முட்டை, கனிந்த வாழைப்பழம், இசப்கோல் உமி மூன்றும் சேர்ந்தால் அந்த வேலையை ஓரளவு செய்துவிடும். நறநறப்போ, மாவு சரியாக ஊறாததால் வருவது.

ஒரு கப் நைசான அரிசி மாவு, கால் கப் சோள மாவு (கடையில் கிடைக்கும் வெள்ளை கார்ன்ஃப்ளோர்), ஒரு டீஸ்பூன் இசப்கோல், ஒன்றரை டேபிள்ஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை உப்பு. இவற்றுடன் மசித்த வாழைப்பழம் ஒன்று, அடித்த முட்டை ஒன்று, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், முக்கால் கப் தேங்காய்ப்பால் சேர்த்துக் கட்டியில்லாமல் கலந்து, இருபது நிமிடம் மூடி வையுங்கள். இசப்கோல் ஈரத்தை இழுத்து மாவு இறுகியிருக்கும். இட்லி மாவுப் பதத்துக்கு வரும்வரை தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரை அடுப்பைப் பற்ற வைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால், மாவு ஊறும் நேரத்திலேயே பாதிக் காற்று போய்விடும்.

உள்ளங்கை அளவுக்குமேல் ஊற்றாதீர்கள். தீ மிதமாகவே இருக்கட்டும். மூடி போட்டு வேகவிடுங்கள். குமிழ் வந்ததும் திருப்ப அவசரப்பட வேண்டாம். ஓரத்தில் ஈர மினுமினுப்பு போய், தோசைத் திருப்பியை அடியில் விட்டால் முழுசாக நகர வேண்டும். அதுதான் பதம்.

இனி எனக்குப் பெரிய கவலையான விஷயம். சீலியாக் உள்ள குழந்தைக்குக் கோதுமைத் துகள் கொஞ்சம் கலந்தாலும் குடல் பாதிக்கப்படும், வெளியே எந்த அறிகுறியும் தெரியாவிட்டாலும்கூட. மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால், அந்த மிச்சம் உங்கள் அரிசி மாவோடுதான் வரும். பச்சரிசியைக் கழுவி ஊறவைத்து, துணியில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடை புதிதாக இருக்கட்டும். சப்பாத்தி மாவு சலித்த சல்லடையை எவ்வளவு கழுவினாலும் கண்ணிகளில் மாவு தங்கிவிடும். சப்பாத்தி போடும் கல்லும் வேண்டாம், மகளுக்கென்று தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் மாவு, பேக்கிங் பவுடர் வாங்கினால் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். நம் நாட்டு விதிப்படி அப்படிப் போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குமேல் குளூட்டன் இருக்கக் கூடாது. 'கோதுமை இல்லை' என்று மட்டும் இருந்தால் போதாது, பார்லியிலும் குளூட்டன் உண்டு. மால்ட் (முளைகட்டிய பார்லி) சேர்த்த சத்து பானங்களையும் இதனால்தான் தவிர்க்கச் சொல்கிறோம். அப்புறம், கூட்டுப் பெருங்காயம்! பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும்.

பாலைப் பற்றி: குடல் புண்பட்டிருக்கும்போது பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் போவது சகஜம். குடல் ஆற ஆறப் பலருக்கு அது சரியாகிவிடும். ஆனால் பால் குடித்ததும் தடிப்பு, வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அது அலர்ஜியாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எதுவானாலும் நீங்களாகப் பாலை மறுபடி தொடங்காமல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சந்தேகத்தின் பேரில் கோதுமையை நிறுத்திவிட்டு அப்புறம் ரத்தப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். நோய் இருந்தும் முடிவில் தெரியாமல் போகலாம்.

அரிசிப் பண்டம் ஆறினால் விறைத்துப்போகும். டிபன் பாக்ஸில் கொடுப்பதாக இருந்தால், சூட்டோடு துணியில் மூடிவைத்து, ஆறியதும் அடுக்குங்கள். மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்தால், இட்லிப் பானையில் இரண்டு நிமிடம் ஆவி காட்டினால் பழையபடி மெத்தென்று ஆகிவிடும்.