கல்யாண டிவிடியை எதில் மாற்றுவது?

கேள்வி: 1998-இல் மதுரையில் நடந்த எங்கள் திருமணத்தின் கேசட்டைப் பிற்பாடு டிவிடியாக மாற்றினோம். இப்போது அது ஆங்காங்கே நின்று நின்று ஓடுகிறது. கணினியில் ஏற்றலாம் என்றால், பழைய ஏவிஐ-தான் எங்கும் ஓடும் என்கிறார் கொழுந்தனார், எச்.265-தான் புதிது என்கிறான் மகன். வீட்டு டிவிக்குப் பத்து வயதாகிறது. யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, திருமங்கலம்

பதில்: இருவரும் வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறார்கள். 1992-இல் வந்த ஏவிஐ-யும் இன்றைய எம்பி4-உம் கோப்பு வகைகள், வெறும் தூக்குவாளிகள்; எச்.264, எச்.265 என்பவை படத்தைச் சுருக்கும் முறைகள், அதாவது உள்ளே இருக்கும் பண்டத்தின் பக்குவம். ஒரு எம்பி4 கோப்பை ஓட்டும் டிவி மற்றொன்றை ஓட்ட மறுப்பதற்கு இதுவே காரணம்.

உங்கள் டிவிடியில் எம்பெக்-2 முறையில் சுருக்கிய, அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளிகள் கொண்ட படம் இருக்கிறது. மூலத்தில் இல்லாத தெளிவை 2013-இல் வந்த எச்.265 கொண்டுவந்து சேர்க்காது, எச்.264-இன் தரத்தை ஏறக்குறையப் பாதி இடத்தில் அடக்குவதே அதன் திறமை, 4கே படங்களுக்கு அது பெரிய லாபம், 4.7 ஜிபி-க்குள் அடங்கிய கல்யாணத்துக்கு அவ்வளவு அவசியமில்லை.

எனவே எதையும் மாற்றுவதற்கு முன், டிவிடியில் உள்ள ‘வீடியோ டிஎஸ்’ ஃபோல்டரை அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுத்துவிடுங்கள்; மறுபடி சுருக்கும் ஒவ்வொரு முறையும் படம் சிறிது தேயும் என்பதால், இதுவே உங்கள் மூலப்படி. பார்ப்பதற்கும் உறவினருக்கு அனுப்புவதற்கும் எம்பி4-க்குள் எச்.264 என்று தனியாக ஒரு பிரதி எடுங்கள். 2003-இல் வந்த அந்த முறையை உங்கள் டிவியும் உறவினர்களின் செல்போன்களும் பெரும்பாலும் தடையின்றி ஓட்டும்.

பலரும் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கால வீடியோவில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாகப் பதிவாகியிருக்கும். அந்தப் பாதிகளை முழுப் படமாக்கும் ‘டீஇன்டர்லேஸ்’ செய்யாமல் மாற்றினால், தாலி முடியும் விரல்களின் ஓரத்தில் சீப்புப் பல்லைப் போலக் கோடுகள் தெரியும். டவுன்ஹால் ரோட்டில் எந்தக் கடையில் கொடுத்தாலும், அந்த ஒரு நிமிடத்தை மட்டும் முதலில் மாற்றித் தரச் சொல்லி, உங்கள் டிவியிலேயே போட்டுப் பாருங்கள்.

கேசட் பரணில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். வீட்டில் எழுதும் டிவிடியின் சாயப் படலம் நாளாவட்டத்தில் மங்கும். தட்டில் படிக்க முடியாமல் போன இடங்களை, பூஞ்சை பிடிக்காத நாடாவிலிருந்து இன்னும் எடுக்க முடியும்.